கண்ணுச் சுண்ணாம்பு

செல்லக்கிளிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துபோனது. ஆகவே அவள் புருஷன் அய்யணன் பயந்துகிடந்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் பயந்தோமா, ஒரு மூலையில் உட்கார்ந்தோமா என்று இருந்திருக்கலாம். பயந்தவன் சும்மா இருக்கமாட்டான், அதுதான் தொல்லை.

வெயில் ஆளைக் கொல்ல ஆரம்பித்த பிறகு மேலூர்ப் பக்கத்துச் சனம் தரைக்கு மேலே குடியிருப்பதை விட்டுவிட்டது. ஒரு காலத்தில் கிரானைட் வெட்டியெடுத்துவிட்டு அம்போவென்று போட்டிருந்த கல்கிடங்குகளுக்குள் இறங்கிவிட்டார்கள். புறாக்கரட்டுக் கிடங்கு அதில் ஒன்று. சுற்றிலும் பாறையைக் குடைந்து வீடுகள், தலைக்கு மேலே கான்கிரீட் மூடி, ஏற இறங்க ஒரு லிப்ட். அந்த லிப்டை ஓட்டுகிறவன்தான் அய்யணன். மேலே மத்தியானத்தில் காக்கை செத்து விழும். கீழே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கலாம். என்ன, வீட்டுக்குச் சன்னல் கிடையாது. கதவையும் எந்நேரமும் சாத்தியே வைக்க வேண்டும், திறந்தால் குளுமை ஓடிவிடும். இந்தச் சொகுசில் மயங்கிக் கிடந்தவர்களிடம்தான் ஜெபக்கனி ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்து இறங்கினாள்.

ஜெபக்கனி அரசாங்கத்துக் காற்றுச் சோதனைக்காரி. திருநெல்வேலிக்காரி. ரெண்டு நாள் கதவையே திறக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனவள், மூன்றாம் நாள் வந்து அய்யணன் வீட்டுச் சுவரில் அந்தச் சுண்ணாம்பை அடித்தாள். காயும்வரை காத்திருந்தாள். பிறகு, “லைட்ட அணைங்கண்ணே” என்றாள்.

அணைத்தான். மத்தியானம்தான், ஆனாலும் அந்த வீட்டில் விளக்கை அணைத்தால் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. முதலில் ஒன்றுமில்லை. கண் பழகப் பழக, சுவரில் பச்சையாகப் பொடிப்பொடியாக எதுவோ மின்னி மின்னி அணைந்தது. தரையோரத்தில் அதிகம். மூலையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல மொய்த்தது.

“ஆத்தாடி, எம்புட்டு அழகா இருக்கு!” என்றாள் செல்லக்கிளி.

“அழகுதாம்மா” என்றாள் ஜெபக்கனி. அவள் சிரிக்கவில்லை. “பாறைக்குள்ள ரேடியம்னு ஒண்ணு கொஞ்சூண்டு இருக்கும். அதுலருந்து ரேடான்னு ஒரு வாயு கெளம்பும். நெறம் கெடையாது, மணம் கெடையாது. வெட்டவெளின்னா காத்தோட போயிரும். இங்க தரை வெடிப்பு வழியா ஏறி வந்து, பூட்டுன வீட்டுக்குள்ளயே தங்கிருது. இத்தன நாளும் மிஷின் வச்சுத்தான் பாத்தோம். இந்தச் சுண்ணாம்பு வந்த பொறவு கண்ணாலயே பாக்கலாம். ஒவ்வொரு மினுக்கும் ஒரு வெடி. உங்க நெஞ்சுக்குள்ளயும் இதேதான் நடக்கு. வருஷக்கணக்கா இழுத்தா நுரையீரல்ல புத்து வரும்.”

“பிள்ளைக்கு?” என்று கேட்டான் அய்யணன்.

“பயப்படாதீங்கண்ணே. சரிபண்ணிரலாம்.”

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுகிற ஆளா அவன்? விளக்கைப் போட்ட பிறகும் அவனுக்குச் சுவர் மின்னிக்கொண்டே இருந்தது. மூச்சு விடவே கூசியது.

அந்தச் சுண்ணாம்புக்கு என்னென்னவோ பெயர் இருந்தது. கிடங்குச் சனம் அதற்குக் கண்ணுச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்தது. ஒரே வாரத்தில் கிடங்கு முழுக்க ஒரே பேச்சு. விளக்கை அணைத்துப் பார்ப்பதும், அடுத்தவன் வீட்டில் போய்ப் பார்ப்பதும், “எங்க வீட்டுல இம்புட்டு இல்லப்பா” என்று பெருமையடிப்பதும், வீட்டுக்குள் வந்து அழுவதுமாகக் கழிந்தது. பெண் பேசி முடித்திருந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டுச் சம்பந்தமே வேண்டாமென்று எழுந்து போனார்கள்.

இனி துண்ணூறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிடங்கின் மேற்குப் பாறையில் எப்போதும் நீர் கசியும். கசிந்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்குப் பூக்கும். அங்கேதான் பாறையம்மன் இருக்கிறாள். அவளுக்கு விளக்குப் போடுவது அய்யணனின் அக்கா நாச்சம்மா. அவள் தினமும் காலையில் அந்தப் பொருக்கைச் சுரண்டி, பொடித்து, அம்மனின் துண்ணூறு என்று ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுப்பாள். மற்ற கோயில் திருநீறு மாதிரி நெற்றியில் பூசுவதில்லை. நாக்கில் வைத்து விழுங்க வேண்டும். அவரவர் பங்கை அவரவர் தின்றாக வேண்டும், கீழே சிந்தக் கூடாது, வேண்டாமென்று சொல்லக் கூடாது. முதன்முதலாகக் கிடங்கில் இறங்கின காலத்தில் ஒருத்தரும் சாகாமல் இருந்தது இதனால்தான் என்று ஒரு நம்பிக்கை.

அய்யணன் விடிவதற்குள் லிப்டுக்குப் போக வேண்டியவன். அதனால் அவன் பங்கை மட்டும் அக்கா முந்தின ராத்திரியே இலையில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். அவன் அதை ஒருநாளும் தின்றதில்லை. முன்பெல்லாம் மேலே கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் உதறிவிடுவான். ‘எனக்கெதுக்கு, நான் கல்லு மாதிரி இருக்கேன்’ என்று, முதல் பிள்ளை கலைந்த நாளிலிருந்து அதைச் செல்லக்கிளியின் பாலில் கலந்துவிடுகிறான். அவளுக்குத் தன் பங்கை விழுங்கவே குமட்டும். இரண்டாவதைக் கொடுத்தால் துப்பிவிடுவாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை. நாட்டுச்சர்க்கரை கூடப் போட்டு ஆற்றிக் கொடுத்தால் தெரியாது. ‘என் புருஷன் மாதிரி பால் ஆத்த ஆளில்ல’ என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபக்கனி வந்துபோன மறுநாள் அவன் அக்காவிடம் போய் நின்றான். “அக்கா, இன்னுங் கொஞ்சம் குடு.”

“எதுக்குடா?”

“பயமாருக்குக்கா.”

நாச்சம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரலால் எடுத்துக் கொடுத்தாள்.

ஜெபக்கனி சொன்னபடி செய்தாள். ஆட்களோடு வந்து தரையில் துளை போட்டாள். துளையில் ஒரு பைப்பை இறக்கி, அதை வீட்டுக் கூரை வழியாக ஏற்றி, கான்கிரீட் மூடிக்கும் மேலே கொண்டுபோய் விட்டாள். பைப்பின் நடுவில் ஒரு ஃபேன். தரைக்கு அடியிலேயே வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும், வீட்டுக்குள் ஏற விடாது. வெடிப்புகளை எல்லாம் பூசி அடைத்தாள். பைப்பில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் தொங்கியது, அதில் சிவப்புத் தண்ணீர். “இந்தத் தண்ணி ஒருபக்கம் ஏறியிருந்தா ஃபேன் இழுக்குதுன்னு அர்த்தம். ரெண்டுபக்கமும் சமமா நின்னா எனக்குப் போன் போடுங்க” என்றாள்.

அய்யணன் அந்தச் சிவப்புத் தண்ணீரைச் சாமி கும்பிடுவதுபோலப் பார்த்தான். நாலு நாள் கழித்து நடுவீட்டில் நின்று விளக்கை அணைத்தபோது சுவர் கருகும்மென்று இருந்தது. ஒரு மினுக்கு இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. செல்லக்கிளி இருட்டில் அவன் தலையைத் தடவி, “ஆம்பளையாய்யா நீ?” என்று கேலி பண்ணினாள். இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தான். செல்லக்கிளி விளக்கை அணைத்துவிட்டு, வழக்கமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு இருட்டில் நின்றான். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அவள் முகத்துக்கு நேரே, ஒரு தட்டு அகலத்துக்குப் பச்சையாக மினுங்கியது. கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது, மறுபடி கூடியது. மற்ற சுவர்களெல்லாம் இருட்டு.

ஓடிப்போய்க் குழாயைப் பார்த்தான். சிவப்புத் தண்ணீர் ஒருபக்கம் ஏறித்தான் நின்றது. டார்ச் அடித்துச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவினான். ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் சிமெண்ட் குழைத்து அந்த இடத்தில் பூசி, மேலே மிச்சமிருந்த கண்ணுச் சுண்ணாம்பை அடித்தான். மறுநாளும் மினுங்கியது. கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டான். பழைய இடம் இருண்டது. வெளிச்சம் எதிர்ச்சுவருக்கு வந்துவிட்டது.

“ஏங்க, இது எம்பின்னாடியே வருது” என்றாள் செல்லக்கிளி. போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டாள். “எனக்குப் பயமாருக்கு. நான் செத்துருவேனா?”

“சீ, வாயக் கழுவு” என்றான்.

நாச்சம்மா வந்து பார்த்தாள். விளக்கு அணைந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். “டேய், அம்மன்டா! பிள்ளையக் காக்க அவளே வந்து நிக்கிறா. இது தெரியாம சிமெண்டப் பூசிக்கிட்டிருக்க, கூறுகெட்டவனே.”

செய்தி பரவியது. தேங்காய் பழத்தோடு ஆட்கள் வந்தார்கள். செல்லக்கிளியைச் சுவரோரம் உட்காரவைத்து விளக்கை அணைப்பதும், வெளிச்சம் வந்ததும் குலவை போடுவதுமாக வீடு கோயிலாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று எழுந்துபோன அந்தப் பெண்கூட வந்து காலில் விழுந்தது. செல்லக்கிளி காலை இழுத்துக்கொண்டு, “நான் சாமியெல்லாம் இல்ல மதினி, இவுகள போகச் சொல்லுங்க” என்று நாச்சம்மாவிடம் கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? நாச்சம்மா துண்ணூறை இலை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அய்யணனுக்குப் பாதி நம்பிக்கை, பாதி கிலி. இரண்டும் சேர்ந்து பாலில் இன்னொரு சிட்டிகையாக விழுந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மேலே லிப்டில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் ஜெபக்கனிக்குப் போன் போட்டான். “மேடம், தண்ணி ஏறித்தான் நிக்கிது. ஆனா வெளிச்சம் எம்பொண்டாட்டி கூடவே போகுது.”

“நான் வாரேன்” என்று வைத்துவிட்டாள்.

வந்தவள் கூட்டத்தை வெளியே அனுப்பினாள். நாச்சம்மா மட்டும் போக மறுத்து உட்கார்ந்துகொண்டாள். ஜெபக்கனி உட்புறம் சுண்ணாம்பு அடித்த ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துச் செல்லக்கிளியிடம் கொடுத்து, “இதுக்குள்ள ஊதும்மா” என்றாள். ஊதினாள். மூடினார்கள். விளக்கை அணைத்தார்கள்.

ஜாடி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஜெபக்கனியின் முகம் தெரிந்தது. அவளும் பயந்திருக்கிறாள் என்று அய்யணனுக்குத் தெரிந்தது.

“சொவத்துலருந்து இல்லண்ணே. இவங்க மூச்சுலருந்து வருது.”

“மூச்சுல எப்பிடி மேடம் வரும்?”

“ரேடியத்த யாராவது தின்னா வரும். சுண்ணாம்புச்சத்துன்னு நெனச்சு எலும்பு அத வாங்கி வச்சுக்கிடும். அங்கேயே இருந்து வாயுவ விட்டுக்கிட்டே கெடக்கும். குடிக்கிற தண்ணிய நான் பாத்துட்டேன், அதுல ஒண்ணுமில்ல. வேற என்ன சாப்பிடுதீங்க இங்க?”

“வேற என்னத்தச் சாப்பிடுறோம்? ஊரே சாப்பிடுற சோறுதான்” என்றாள் நாச்சம்மா. பேசிக்கொண்டே இருட்டில் துண்ணூறு இலையை எடுத்து, அம்மனை நினைத்து நாக்கில் வைத்துக்கொள்ள ஒரு சிட்டிகை கிள்ளினாள். கை சுவரோரம் போனது. கை போன இடத்தில் சுவர் குப்பென்று பச்சையாகிவிட்டது.

நாச்சம்மா கையை இழுத்தாள், சுவர் மங்கியது. மறுபடி கொண்டுபோனாள், எரிந்தது. “அம்மா... தாயே...” என்று அவள் முனகியது சாமியைக் கூப்பிட்டதா, வேறேதுமா என்று தெரியவில்லை.

“எத்தன பேர் திங்கிறீங்க இத?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“எல்லாரும்” என்றாள் செல்லக்கிளி. “மேடம், இதுக்கும் ஒரு ஃபேன் வைக்க முடியாதா?”

“வீட்டுக்கு வைக்கலாம்மா” என்றாள் ஜெபக்கனி. “எலும்புக்கு எங்கன வைக்க?” சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்திட்டா மெல்ல மெல்லக் கொறையும். மருந்து இருக்கு. பிள்ளைய மதுரையில காட்டிப் பாப்போம்.”

அய்யணன் கதவோரம் நின்றான். பாலில் கலந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும்தானே தின்றார்கள், ஊரோடு ஒத்த தப்புதானே, அதில் இது யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோழை அப்படித்தான் நினைப்பான். அப்படி நினைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

மறுநாள் கிடங்கின் பொதுக்கூடத்தில் ஒரு சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள் ஜெபக்கனி. ஒவ்வொருவராக வந்து சுவரோடு முகம் ஒட்ட நின்று ஊத வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் யாரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்று முடிவு. விளக்கு அணைந்தது. வரிசையில் நின்றவர்களின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நாச்சம்மா ஊதினாள், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக மின்னியது. கிழவர்களுக்குக் கொஞ்சம் அதிகம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு மினுக்குக்கும் யாரோ ஒருத்தி விசும்பினாள். ஆனால் எல்லாரும் மினுங்கினார்கள், தப்பினவர் ஒருத்தர் இல்லை.

செல்லக்கிளி ஊதியபோது கூட்டமே பின்வாங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் முகமெல்லாம் தெரிந்தது. நேற்று அவளைக் கும்பிட்டவர்கள் இன்று பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

“எல்லாருக்கும் ஒரே பங்குன்னுதானே சொன்னீங்க?” என்றாள் ஜெபக்கனி. “இவங்களுக்கு மட்டும் ஏன் இம்புட்டு?”

அய்யணன் வரிசையின் கடைசியில் இருந்தான். போய்விடலாமா என்று பார்த்தான். லிப்டில் ஏறி மேலே போய் அந்த வெயிலில் நின்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் செல்லக்கிளி இருட்டில் துழாவி அவன் கையைப் பிடித்துவிட்டாள். “வாங்க, பயப்படாம ஊதுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்” என்று அவளே சுவர்வரை கூட்டிப்போனாள்.

அவன் சுவரில் முகத்தை வைத்தான். ஊதினான்.

ஒன்றுமில்லை.

“நல்லா ஊதுங்கண்ணே” என்றாள் ஜெபக்கனி. நெஞ்சு வலிக்க ஊதினான். சுவர் இருட்டாகவே இருந்தது. கிடங்கில் இத்தனை பேரில் அவன் ஒருவன் மூச்சு மட்டும் சுத்தமாக இருந்தது.

அவன் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

“நீங்க துண்ணூறு திங்கலையா?” என்றாள் செல்லக்கிளி. அவள் வாய் சுவருக்கு அருகில் இருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் சுவர் மினுங்கியது. “மதினி தினமும் ஒங்க பங்கக் கையில குடுத்து விட்டாகளே. அது எங்க போச்சு?”

“கிளி...”

“எங்க போச்சுன்னு கேக்குறேன்.”

“ஒம் பால்ல” என்றான். “ஒனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான். பயந்துபோயி...”

“எப்பருந்து?”

அவன் சொல்லத்தான் வேண்டியிருந்தது. “மொதப்பிள்ள கலஞ்சதுலருந்து.”

இரண்டாவதாகக் கலைந்த பிள்ளையைப் பற்றி அவள் நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அங்கே நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது. அது இதனால்தானா என்று ஜெபக்கனியிடம் கேட்க ஒருத்திக்கும் தைரியமில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளை மதுரையில் பிறந்தது. பெண் குழந்தை. ஜெபக்கனி ஜாடியோடு வந்திருந்தாள். குழந்தை அழுத அழுகையை ஜாடிக்குள் பிடித்து, விளக்கை அணைத்து, எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கண் வலிக்கிறவரை பார்த்தார்கள். இருட்டாகவே இருந்தது. நாச்சம்மா கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். “ஆனா தாய்ப்பால் கூடாது” என்றாள் ஜெபக்கனி. “எலும்புல இருக்கது பால்ல எறங்கும். புட்டிப்பால்தான்.”

அதனால் புட்டிப்பால். செல்லக்கிளிக்கு மார்பு கட்டிக்கொண்டு உயிர்போகிற வலி. பால் கரைக்க எழுந்திருக்க முடியவில்லை. அய்யணன்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினான், மாவை அளந்து போட்டான், புட்டியைக் குலுக்கினான். அவள் கட்டிலில் சாய்ந்தபடி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு டப்பாவைத் திறந்தது முதல் மூடியது வரை ஒரு தடவை கண்ணை எடுக்கவில்லை.

பாலோடு கட்டிலுக்கு வந்தான். குழந்தை பசியில் கத்தியது. செல்லக்கிளி அதைத் தோளோடு அணைத்துக்கொண்டாள், கொடுக்கவில்லை.

“மொதல்ல நீங்க குடிங்க” என்றாள்.

அவன் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தான். முழுங்குகிறானா என்று அவள் அவன் தொண்டையைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பொறுத்திருந்துவிட்டு, பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.